டை-காஸ்ட் கார் சேகரிப்பு: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, தீவுக்குள் ராமேஸ்வரம் வரை, டை-காஸ்ட், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த 1:64 அளவு (நிஜ வண்டியில் 64-இல் ஒரு பங்கு) பொம்மைக் கார் சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அரிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை உப்புக்காற்றில் எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. நம் பக்கத்தில் ஒரு வண்டியின் மதிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதை வைத்திருக்கும் இடம்தான். ஆகவே பதில்களில் அதற்கே அதிக இடம்.

கார்டில் (வண்டி பொருத்தி வரும் அட்டை) "லிமிடெட் எடிஷன்" என்று போட்டிருந்தால் அரிய வண்டி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். எத்தனை செய்தார்கள் என்று எண் அச்சிட்டிருந்தால் அது ஒரு வகை. "இத்தனையில் இத்தனையாவது" என்று கார்டிலோ, பேஸிலோ (வண்டியின் அடித்தட்டு) இருக்கும், சரிபார்க்க முடியும். எண்ணிக்கையைச் சொல்லாமல், பெட்டிக்குள் மற்ற வண்டிகளைவிடக் குறைவாகப் போட்டு அனுப்புவது இன்னொரு வகை. ஹாட் வீல்ஸின் டிரெஷர் ஹண்ட், ஒரு வரிசைக்குள் அரிதாகக் கலந்து வரும் சேஸ் எல்லாம் இதில் வரும். ஒரே ஒரு கடைத்தொடருக்காகச் செய்வதும் உண்டு. பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகமாக வரும் ஹாட் வீல்ஸ் ஸமாக் வண்டிகள் அமெரிக்காவில் வால்மார்ட்டுக்கு என்றே வந்தவை. இவற்றில் எதிலும் சேராமல் அலங்காரத்துக்குப் போட்ட "லிமிடெட்"தான் நம் ஊர்க் கடைகளில் அதிகம்.

ஒப்பிட ஒரு கணக்கு: 1995-இல் முதல் டிரெஷர் ஹண்ட் வரிசை வந்தபோது 12 வண்டிகள், ஒவ்வொன்றிலும் 10,000. உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான். இன்றைய டிரெஷர் ஹண்டுக்கு அப்படி ஒரு எண்ணை ஹாட் வீல்ஸ் செய்யும் மேட்டல் நிறுவனம் சொல்வதில்லை. "உலகத்திலேயே 5,000 தான் இருக்கு" என்று யாராவது விற்க வந்தால், அந்த எண் எங்கே அச்சாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

சாதா டிரெஷர் ஹண்டையும் சூப்பரையும் கடையில் நின்றபடியே பிரித்துப் பார்ப்பது எப்படி?

2007-இல்தான் ஒரே வண்டிக்குச் சாதா, அதைவிட அரிய சூப்பர் என இரண்டு வடிவம் வரத் தொடங்கியது. 2012-இலிருந்து இரண்டும் தனித்தனி வண்டிகளாகிவிட்டன. இப்போது வருவதில் பார்க்க வேண்டியது:

சூப்பருக்கு ரப்பர் டயர். சேகரிப்பாளர்கள் ரியல் ரைடர்ஸ் என்பது இதைத்தான். பெயின்ட் ஸ்பெக்ட்ராஃபிளேம்: மெருகேற்றிய உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற நிறப்பூச்சு, அதனால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிற மாதிரி ஆழமாக மின்னும். பாடியில் எங்காவது "டிஎச்" என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கார்டில், வண்டிக்குப் பின்னால், வட்டத்துக்குள் தங்க நிறத் தீச்சுவாலை இருக்கும்.

சாதா டிரெஷர் ஹண்டுக்கு வழக்கமான பெயின்ட், பிளாஸ்டிக் டயர்தான். பாடியில் வட்டத் தீச்சுவாலைச் சின்னம் இருக்கும். கார்டில் அதே சின்னம் வெள்ளி நிறத்தில். பாடியில் உள்ள சின்னத்தை வேண்டுமென்றே ஸ்டிக்கர் வேலைப்பாட்டுக்கு நடுவில் ஒளித்து அச்சிடுவார்கள். கதவு, பின்பக்க பம்பர், கூரை என எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

முதலில் டயரைப் பாருங்கள். கொக்கியில் 20 கார்டு நெருக்கமாகத் தொங்கும்போது கார்டுச் சின்னம் வண்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும், டயர் மட்டும் பக்கவாட்டில் தெரியும். பிளாஸ்டிக் டயர் டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும், ரப்பர் மங்கிக் கிடக்கும். டயர் மங்கலாக இருந்தால் கார்டைச் சாய்த்து, பாடிக்கும் அட்டைக்கும் இடையில் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கடைக்கெல்லாம் சூப்பர் வருமா?

வரலாம். ஆனால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை.

மெயின்லைன், அதாவது ஹாட் வீல்ஸின் வழக்கமான வரிசை, ஆண்டுக்கு 250 வண்டி. இவை எழுத்து வரிசையில் 15 கேஸ்களாக (மொத்தப் பெட்டி) வருகின்றன: ஏ முதல் கியூ வரை, நடுவில் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள். முழு கேஸ் ஒன்றில் 72 வண்டி. ஆண்டுக்கு 15 சாதா, 15 சூப்பர் என்பதால் பொதுவாக எழுத்துக்கு ஒன்று விழும். அதற்காக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சூப்பர் உட்கார்ந்திருக்கும் என்று அர்த்தமில்லை. சின்ன ஊர்க் கடைக்காரர் 72 எடுப்பதில்லை. மொத்த வியாபாரி பிரித்துக் கொடுத்த 10, 12 தான் கடைக்கு வந்து சேரும். வழியில் எத்தனை கை அதைப் புரட்டியதோ!

அதற்காகக் கடைகளை ஒதுக்கிவிட வேண்டாம். மதுரை மாலில் காலை 11 மணிக்குக் காலியாகிவிடும் பிரீமியம் வண்டி, கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ஸ்டேஷனரி கடையின் மேல்தட்டில் பழைய எம்ஆர்பியோடு ஓர் ஆண்டு தூங்குவது உண்டு. இங்கே தேடுபவர் குறைவு. ஆகவே நம் பக்கத்தில் புதுச் சரக்கைத் துரத்துவதைவிட, தங்கிப்போன சரக்கைத் துழாவுவதுதான் பலன் தரும். "அண்ணே, லோடு எந்தக் கிழமை வரும்?" என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாய் கடையானால் ஜும்ஆ நேரத்தில் போய் நிற்காதீர்கள். புரட்டிப் பார்த்த கார்டுகளை அதே கொக்கியில், அதே முகமாக மாட்டிவிட்டு வந்தால் அடுத்த முறை பெட்டியை உங்கள் முன்னாலேயே உடைப்பார்.

ஹாட் வீல்ஸ் தவிர வேறு எதைச் சேர்க்கலாம்?

மஜோரெட்: 1961-இல் பிரான்சில் தொடங்கியது, இப்போது தாய்லாந்தில் செய்கிறார்கள். சஸ்பென்ஷன் உண்டு, பல வண்டிகளில் கதவு திறக்கும். டொமிகா: 1970 முதல் வரும் ஜப்பான் வரிசை. வழக்கமான வரிசைக்கு 1 முதல் 120 வரை எண். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை புது வண்டி இறங்கும். புது வண்டி சிலவற்றுக்கு முதல் தவணைக்கு மட்டும் வேறு நிறம் உண்டு, அதுதான் சேகரிப்பாளருக்கு வேண்டியது. மினி ஜிடி: ரப்பர் டயர், தனியாகப் பொருத்திய பக்கக் கண்ணாடி, எண் வரிசை. ஹாட் வீல்ஸ் கார் கல்சர் வரிசையில் 5 வண்டிக்குள் "0/5" என்று எண் போட்டு வந்தால் அது சேஸ்.

எல்லாவற்றையும் சேர்க்கக் கிளம்பினால் வீடு போதாது. ஒரு கார் நிறுவனம், அல்லது ஒரே காஸ்டிங்கின் (ஒரே அச்சில் வார்த்த வண்டி) எல்லா நிறங்களும் என்று வரம்பு போட்டுக்கொள்பவர்களிடம்தான் பார்க்கும்படியான சேகரிப்பு இருக்கிறது.

கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேல் கேட்கிறார். கொடுக்கலாமா?

கடையில் பொட்டலச் சரக்கை எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே விலை இறங்கிவிடும். இறங்காவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. சேகரிப்பாளர் இன்னொரு சேகரிப்பாளருக்குக் கைமாற்றும் விலை வேறு விஷயம், அது இருவரின் விருப்பம்.

துபாயிலிருந்து மச்சான் வருகிறார். என்ன சொல்லி விடலாம்?

கீழக்கரை, தொண்டி பக்கம் இந்தக் கேள்வி இல்லாத வாரமே கிடையாது. பட்டியல் அனுப்பாதீர்கள். அவருக்கு எஸ்கூடோவுக்கும் ஸ்கைலைனுக்கும் வித்தியாசம் தெரியாது, பாவம். வண்டியின் படமும், கார்டில் உள்ள சின்னம் எப்படி இருக்கும் என்ற படமும் அனுப்புங்கள். "ரப்பர் டயர் இருந்தால் எடு, தங்கச் சின்னம் இருந்தால் கேட்காமலே எடு" என்ற ஒரு வரி போதும்.

கொண்டுவரும் முறையில்தான் பாதி வண்டி வீணாகிறது. 30 கிலோ பெட்டிக்குள் பேரீச்சம்பழ டப்பாவுக்கும் பால் பவுடர் டின்னுக்கும் நடுவில் செருகினால் பிளிஸ்டர் (வண்டியை மூடிய பிளாஸ்டிக் குமிழ்) நசுங்கி, அட்டையின் மேல்முனை மடிந்துதான் வரும். இரண்டிரண்டாக முகத்துக்கு முகம் வைத்து, 10 கார்டுக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அது கைப்பையில். ஒரே வண்டி 20 இருந்தால் சுங்கத்தில் வியாபாரச் சரக்கா என்று கேட்பார்கள். வெவ்வேறு வண்டியாகவும், கடை ரசீதோடும் இருக்கட்டும்.

தபாலில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள். பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பார்சல் நின்றுபோனால் வண்டியின் விலையைவிட அலைச்சல் அதிகம்.

பேஸில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கின்றனவே, அது என்ன?

ஹாட் வீல்ஸில் அது செய்த தேதி. எழுத்து ஆண்டு, எண் அந்த ஆண்டின் வாரம். ஏ என்றால் 2008. அங்கிருந்து ஐ, ஓ இரண்டையும் விட்டுவிட்டு எண்ணிக்கொண்டே வந்தால் எச் 2015, ஜே 2016, என் 2020, பி 2021, ஆர் 2023, எஸ் 2024. "ஆர் 24" என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம்.

பழைய வண்டி என்று சொல்லி விற்பதைப் பிடிக்க இது நல்ல வழி. பேஸில் காஸ்டிங் உருவான ஆண்டு பெரிதாக அச்சாகியிருக்கும். அதை வைத்து "1998 மாடல்" என்று விற்பார்கள். அச்சு 1998-உடையதாக இருக்கலாம், வண்டி சென்ற ஆண்டு செய்ததாக இருக்கும்.

போலி சூப்பரை எப்படிக் கண்டுகொள்வது?

அதிகம் நடப்பது வீல் ஸ்வாப். மெயின்லைன் வண்டியைப் பிரித்து ரப்பர் டயர் மாட்டி, மறுபடி கார்டில் ஒட்டுவது. பார்க்க வேண்டிய இடம், பாடியையும் பேஸையும் பிணைக்கும் ரிவெட். தொழிற்சாலையில் அடித்த ரிவெட்டின் தலை காளான்போல ஒரே சீராக விரிந்திருக்கும். துளைபோட்டுத் திறந்ததானால் நடுவில் குழி, ஸ்க்ரூ, அல்லது பசை. இரண்டாவது, பெயின்ட்: ஸ்பெக்ட்ராஃபிளேமை வீட்டில் சரியாகக் கொண்டுவருவது கடினம், கதவு இடுக்குகளில் நிறம் தேங்கிக் கருத்திருக்கும். மூன்றாவது, பிளிஸ்டரின் ஓரம். ஒரிஜினலில் பிளாஸ்டிக் ஓரம் முழுக்க ஒரே அகலத்தில் அட்டையோடு பதிந்திருக்கும். திரும்ப ஒட்டியதில் பசை வழிந்திருக்கும், அல்லது அட்டையின் மேல்தோல் கிழிந்து வெள்ளை தெரியும். கடைசியாக, அந்த ஆண்டின் சூப்பர் பட்டியலில் அந்த வண்டி அந்த நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போலி விற்பவர்கள் இல்லாத நிறத்திலும் சூப்பர் "கண்டுபிடிப்பார்கள்".

கார்டு இல்லாமல் லூஸாக வரும் சூப்பரை ரிவெட் படம் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

ப்ரீ-ஆர்டருக்கு முன்பணம் அனுப்பலாமா?

முழுப்பணம் வேண்டாம். வரும் மாதம், மீதித் தொகை, வராவிட்டால் திருப்பும் நாள், மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். கையிருப்புச் சரக்கு என்றால், அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டை வண்டியோடு வைத்து வீடியோ கேளுங்கள். பார்சல் வந்ததும் உறை முழுதாக இருக்கும்போதே தொடங்கி, வெட்டாமல் பிரிக்கும் வீடியோ எடுங்கள். பணம் போய் ஆள் மறைந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் பணத்தை முடக்குவது கடினம்.

உப்புக்காற்று உண்மையில் என்னதான் செய்யும்? மூடிய கார்டுக்குள் கூடவா?

கார்டு காற்றுப்புகாத பொட்டலம் இல்லை. பிளிஸ்டருக்கும் அட்டைக்கும் இடையில் காற்று போய் வரும், அட்டையே ஈரத்தை உறிஞ்சும்.

75 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே தண்ணீர் இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். வண்டி மேல் படிந்த, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூசியும் அப்படியே: 75-க்குக் கீழே அது வெறும் தூசி, மேலே போனால் உப்புநீர்ப் படலம். பாம்பன், மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் விடியற்காலை 75-ஐத் தாண்டுவது சாதாரணம்.

பாடி துத்தநாகக் கலவை, ஸமாக் என்பார்கள். துத்தநாகத்தோடு 4 சதவீதம் அளவுக்கு அலுமினியமும் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும். உப்புநீர் பட்டால் துத்தநாகம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பெயின்ட் மூடிய இடத்தில் ஒன்றும் ஆகாது. ரிவெட் தலை, சக்கர வளைவின் உள்விளிம்பு, சிராய்ப்பு, இங்கேதான் தொடங்கும். பேஸும் உலோகமாக இருந்தால் எஃகு ஆக்சில் துத்தநாகத்தைத் தொடும் இடத்தில் வேகம் கூடும், ஏனென்றால் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். ஆக்சிலின் வெளிமுனை செந்துருப் பிடிக்கும். பூதக்கண்ணாடியில் சக்கரத்தின் நடுப்புள்ளி பழுப்பாகத் தெரிந்தால் அதுதான். மெயின்லைனில் பல வண்டிகளுக்குப் பேஸ் பிளாஸ்டிக் என்பதால் அவை இந்த விஷயத்தில் பிரீமியத்தைவிடத் தாக்குப்பிடிக்கும். விலை உயர்ந்தது முதலில் கெடுகிறது என்பது வயிற்றெரிச்சல்தான்.

அப்படியானால் எதில் வைப்பது?

கண்ணாடி ஷோகேஸ் காட்சிக்கு. நல்ல வண்டிகளுக்கு, மூடியைச் சுற்றி ரப்பர் வளையமும் நாலுபக்கப் பூட்டும் உள்ள பாலிபுரொப்பிலீன் டப்பா. 25 முதல் 30 லிட்டர் போதும். பெரிதாக வாங்கினால் அடிக்கடி திறப்பீர்கள்.

சிலிக்கா ஜெல் எவ்வளவு போடுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஷூ டப்பாவில் வரும் 5 கிராம் பொட்டலம் ஒரு கிராம் சொச்சம் தண்ணீர்தான் பிடிக்கும். 80 சதவீத ஈரத்தில் ஊறிய ஒரு கிலோ அட்டையை 50-க்கு இறக்க, 40 முதல் 50 கிராம் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். அந்த நிலையில் ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும் என்று வைத்தால் 200 முதல் 250 கிராம். மூடியைத் திறந்து மூடும் கணக்கையும் சேர்த்து, ஒரு கிலோ அட்டைக்கு 400 கிராம் போடுங்கள். கார்டுகளைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தால் தெரிந்துவிடும், வண்டியின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

ஆரஞ்சு நிறம் காட்டும் ஜெல் வாங்குங்கள், ஈரம் ஏற ஏறப் பச்சையாகும். நீலம் வேண்டாம், அதில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சு. பச்சையானதை 110 முதல் 120 டிகிரியில் 2 மணி நேரம் ஓவனில் வைத்தால் திரும்ப வரும். ஓவன் இல்லாவிட்டால், சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். கருகும் அளவுக்கு விட்டால் நிறம் போய்விடும், பிறகு அது ஊறியதா காய்ந்ததா என்று தெரியாது. ஆறவைப்பதும் மூடிய பாத்திரத்தில்தான். தட்டில் பரப்பி ஆறவைத்தால் நம் காற்றில் அங்கேயே ஊறிவிடும்.

இலக்கு 45 முதல் 55 சதவீதம். 35-க்குக் கீழே இறக்கினால் அட்டை வளைந்து பிளிஸ்டர் பசை விட்டுப்போகும். டப்பாவை அடைக்கும் நாளில் கார்டுகளை ஏசி அறையில் 3 மணி நேரம் வைத்திருந்து அங்கேயே மூடினால் ஜெல்லுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் குளிர்ந்த வண்டியை அப்படியே வெளியே எடுத்து வராதீர்கள். வேர்த்துவிடும், கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் வைத்த மாதிரி.

டப்பா வைக்கும் இடம்: கடல் பார்த்த சுவர் வேண்டாம். சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில். பரண் வேண்டாம், கல்நார் ஷீட் வீட்டில் சித்திரை வைகாசியில் பரணின் சூட்டுக்குப் பிளிஸ்டர் நெளியும். ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். பிளிஸ்டர் மஞ்சளடிக்கும், அட்டையின் சிவப்பு முதலில் வெளிறும்.

300 ரூபாய் ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் மீட்டர்) நம்பலாமா?

சோதித்துவிட்டு நம்பலாம். பாட்டில் மூடி ஒன்றில் உப்பு நிரப்பி, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து நீராகிவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு சின்ன டப்பாவில் அருகருகே வைத்து இறுக்க மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மீட்டர் 4 கூட்டிச் சொல்கிறது. டப்பாவில் ஒட்டி எழுதிவிடுங்கள். வாலிநோக்கம் உப்பளத்தை வைத்துக்கொண்டு உப்புக்குப் பஞ்சமா என்ன. ஆனால் அயோடின் கலக்காத தூய உப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடலாமா?

கூடாது. அந்த ஆவி பாலிஸ்டிரீன் போன்ற பிளாஸ்டிக்கை இளக்கும், ஜன்னல் கண்ணாடிகள் மங்கும். டப்பா இறுக்கமாக மூடியிருந்தால் கரப்பானோ வெள்ளிப்பூச்சியோ நுழைய வழியில்லை. பச்சை வேப்பிலையும் வேண்டாம், அது ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கார்டைப் பிரித்து வைப்பதா, பிரிக்காமலா?

விற்கும் எண்ணம் இருந்தால் பிரிக்காதீர்கள். இல்லையென்றால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை: சூப்பரையும் எண்ணிட்டவற்றையும் மட்டும் கார்டோடு வையுங்கள், மெயின்லைனைப் பிரித்துவிடுங்கள். உலோகத்தைத் துடைத்துக் காப்பாற்றலாம். அலைபோல் வளைந்து பூஞ்சைப் புள்ளி விழுந்த அட்டைக்கு வைத்தியம் கிடையாது. இடமும் ஐந்தில் ஒன்றாகக் குறையும்.

லூஸ் வண்டியைக் கழுவலாமா?

போர் தண்ணீரில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். நம் பக்கத்துத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விட்டுப்போகும், அதுவே உப்பு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) ஒரு லிட்டர் வாங்குங்கள். அரை டம்ளரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. மேக்கப் பிரஷ் மாதிரி மென்மையான தூரிகையால் சக்கர வளைவிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். பிறகு சோப்பு இல்லாத அதே தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். தலைகீழாகப் பிடித்து, கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் காற்றுப்பந்தால் ஆக்சில் துவாரத்தில் ஊதுங்கள். மின்விசிறியின் கீழ் ஓர் இரவு. ஆக்சிலின் இரண்டு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனை அளவு, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் போட்டால் நாள்பட்டுப் பிசுபிசுத்துத் தூசியை வாரிக்கொள்ளும்.

நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் டாம்போ எழுத்துகளை (வண்டி மேல் அச்சிட்டவை) நொடியில் அழித்துவிடும். காகித டெக்கால் ஒட்டிய கஸ்டம் வண்டியைத் தண்ணீரிலேயே காட்டக் கூடாது.

வெள்ளைப் பொடி ஏற்கெனவே பூத்திருந்தால் காய்ந்த பல்குத்தி முனையால் சுரண்டி, மேலே சொன்னபடி கழுவிக் காயவைத்து, அந்தப் புள்ளியில் மட்டும் நிறமற்ற வார்னிஷ் தொடுங்கள். அழகு திரும்பாது, பரவுவது நிற்கும்.

ரப்பர் டயர் அக்ரிலிக் டப்பாவில் ஒட்டிக்கொண்டு உருகிய மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

பல "ரப்பர்" டயர்கள் உண்மையில் மென்மையான பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும். சூட்டில் இன்னும் வேகம். டயருக்கும் தளத்துக்கும் நடுவில் அலுமினிய ஃபாயில் துண்டோ பாலிபுரொப்பிலீன் தாளோ வையுங்கள். நிரந்தரமாக வைப்பதானால் பேஸுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சக்கரம் தொடாமல் தூக்கி நிறுத்துவதே சரி. கார்டு புரொடெக்டர் (கார்டை மூடி வைக்கும் பிளாஸ்டிக் உறை) வாங்கும்போதும் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் வகை) பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். மலிவான பிவிசி நாளாவட்டத்தில் ஒட்டும். கார்டு குட்டை, நீளம் என இரண்டு அளவில் வருவதால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

தாத்தா காலத்து வண்டி ஒன்று வெடித்து வெடித்து உதிர்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. அது துத்தநாக நோய். வார்க்கும்போது ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் உலோகத்தின் உள்ளேயே அரிப்பு நடந்து, உப்பி, விரிந்து, நொறுங்கும். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். மற்ற வண்டிக்குத் தொற்றாது, அது வதந்தி. நல்ல உலோகத்தில் செய்த இன்றைய வண்டிகளில் இது அரிது. பழையது வாங்கும்போது பாடி நெளிந்திருக்கிறதா, பெயின்டுக்கு அடியில் மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

விலை ஸ்டிக்கரை எடுக்கலாமா?

இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் உள்ள ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள், அது வண்டி வந்த வழிக்குச் சாட்சி. கடைக்காரர் ஒட்டியது என்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம், பிறகு அட்டையோடு அட்டையாகப் படுத்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். அட்டையின் தோல் கூடவே எழும்பினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வெளியூர் நண்பருக்குக் கார்டு வண்டி அனுப்ப எப்படிக் கட்டுவது?

கார்டை புரொடெக்டருக்குள் போடுங்கள். டேப் எதுவும் அட்டையைத் தொடக் கூடாது. பபுள் கவர் இரண்டு சுற்று. 5 அடுக்கு அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி, அதில் கசக்கிய காகிதம். குலுக்கினால் சத்தமோ அசைவோ இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பஸ் பார்சலில் போட்டால் பெட்டி மழையில் நனையாமல் வருவது அதிர்ஷ்டம். உள்ளே ஒரு ஜிப் கவர், வெளியே ஒரு பாலித்தீன் உறை என்று இரண்டும் போடுங்கள். ஜிப் கவரை மூடுவதற்கு முன் காய்ந்த ஜெல் 10 கிராம் பொட்டலம் ஒன்று. கட்டுவதைப் படமெடுத்து, எடையை எழுதி அனுப்பிவிடுங்கள். வழியில் யாராவது திறந்திருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும்.